வேலியைத் தாண்டாத ரொட்டி

இராசாத்தி கடைசி ரொட்டியை அடுக்கி, மீதமிருந்த முட்டையை அதன் மேல் ஊற்றினாள். கோதுமை மாவு ரொட்டி, அதன் மேல் மசித்த பருப்பும் முருங்கைக் கீரையும், அடித்த முட்டை, மறுபடி ரொட்டி. சுங்கைப்பட்டாணி டவுனில் நூர்தீன் பாய் கடையில் கறி வைத்து மடிக்கும் ரொட்டியைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. சட்டியை மூடி, மூடியின் மேலும் தணலைப் பரப்பினாள்.

தங்கை பிரேமாவதிக்கு நிறைமாதம் நெருங்கியிருந்தது. கால்கள் வீங்கி, நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கியது. பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். முந்தின நாள், அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் சுப்பிரமணியம் இராசாத்தியைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"இது பெரிபெரிம்மா. வெறும் வெள்ளைச் சோத்தையே தின்னு உடம்புல சத்தில்ல. நெஞ்சு தாங்கணும். ஊசி அலோர் ஸ்டார்லேர்ந்து வரணும், ரோட்டுல கம்யூனிஸ்டுங்க சுடுறானுங்கன்னு லாரி நின்னு போச்சு. அதுவரைக்கும் தவிடு போகாத மாவு, பருப்பு, முட்டைன்னு ஏதாவது உள்ள போகணும். இங்க கஞ்சிதான் இருக்கு."

"வாய்க்கு எதுவும் பிடிக்கலைங்கிறாளே ஐயா."

"ரெண்டு வாய் தின்னாலும் சத்து இருக்கிற மாதிரி பண்ணிக் கொண்டாங்க."

கொண்டு போவதுதான் கஷ்டம். மலாயாக் காட்டிலிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள்கூடச் சாப்பாடு எடுத்துப் போக முடியாது. மடியில் கொஞ்சம் அரிசி இருந்ததென்று பக்கத்து வீட்டு முருகையா அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்னும் விடவில்லை. நோயாளிக்குத்தானே, விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இராசாத்தி சட்டியோடு நடந்தாள்.

கேட்டில் அய்யாவு துப்பாக்கியோடு நின்றிருந்தான். அதே லயத்து ஆள்தான். போலீசில் சேர்ந்து காவலுக்கு நின்றான்.

"அக்கா, திரும்பிப் போயிடுங்க லா. புது சார்ஜன் உள்ள இருக்காரு."

"பிரேமாவுக்குத்தான் தம்பி. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியணுமே."

அதற்குள் மலாய்க்கார போலீஸ் சார்ஜன் வெளியே வந்துவிட்டார். மூடியைத் திறந்து, கத்தியைச் செருகி ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அவர் மலாயில் சொன்னதை அய்யாவு தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்.

"நோயாளின்னா கஞ்சிதானே கொண்டு போவாங்கன்னு கேக்குறாரு. இதுல ஒரு துண்டு தின்னா நாள் முழுக்க நடக்கலாமாம். காட்டுல இருக்கிறவனுக்குன்னே பண்ணின மாதிரி இருக்குதாம்."

இராசாத்தி சத்து வேண்டுமென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்ததே வினையாகிவிட்டது. அவளைக் காவல் கொட்டகையில் உட்கார வைத்து, காட்டில் யார் இருக்கிறார்கள், யார் கொடுக்கச் சொன்னார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வெயில் ஏறியது. தன்னையும் கொண்டு போய்விட்டால் தங்கைக்கு யார் இருக்கிறார்கள்?

"என்னோட ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு தம்பி. அவ தின்றத அவரே பார்க்கட்டும்."

சார்ஜன் மறுத்துவிட்டார். அவர் கேட்டை விட்டு நகர முடியாது, சாப்பாடும் வெளியே போகாது. அப்படி ஒரு நோயாளி இருந்தால் உள்ளே வந்து சாப்பிடட்டும் என்றார்.

சட்டியை நிறுத்திக்கொண்டு அவளை மட்டும் விட்டார்கள். இராசாத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"கூடவே கூடாது," என்றார் டிரசர். "வழியில நெஞ்சு நின்னுட்டா?"

"இங்க கஞ்சியோட கிடந்தா மட்டும் நிக்காதா ஐயா?"

டிரசர் நோயாளியைத் திரும்பிப் பார்த்தார். கட்டிலிலிருந்து பிரேமாவதி, "நான் வரேன்க்கா. படுத்துக்கிட்டேதானே வரப்போறேன்," என்றாள்.

தண்ணீர் இழுக்கும் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள். டிரசரும் ஏறி அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். செம்மண் சடக்குப் பாதையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் முனகினாள். பாதி வழியில் உதடு நீலம் பாய்ந்தது. டிரசர் வண்டியை நிறுத்தி, அவளைத் தூக்கி நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டார். நானே கொன்றுவிட்டேனோ என்று இராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சு கொஞ்சம் சீரானதும் வண்டி மெல்ல நகர்ந்தது.

கேட்டில் சார்ஜன் அந்த வீங்கிய பாதங்களையும் வயிற்றையும் பார்த்தார். தன் நாற்காலியைத் தூக்கி வந்து நிழலில் போட்டார்.

இராசாத்தி ஒரு விள்ளல் பிட்டு ஊட்டினாள். பிரேமாவதி அதை நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். துப்பிவிடுவாளோ?

"உப்புக் கம்மிக்கா," என்றாள் அவள். இன்னொரு வாய்க்குக் கையை நீட்டினாள்.

அவளைத் திருப்பி அனுப்ப டிரசருக்கு மனமில்லை. சார்ஜனிடம் அவரே பேசி, அக்காவின் லயத்திலேயே தங்க வைத்தார். தினமும் வந்து பார்த்தார். இராசாத்தி வேளைக்கு ஒரு துண்டு கொடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் தங்கையின் மூச்சைக் கவனித்தாள். லாரி ஓடத் தொடங்கி ஊசி வந்து சேர்ந்த பிறகுதான் கால் வீக்கம் வடிந்தது.

பெண் குழந்தை பிறந்தது. மெலிந்து, கறுத்து, கையளவே இருந்தது. டிரசர் தாயின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். இராசாத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெஞ்சு தாங்கும்மா," என்றார் அவர்.