டேஷ்போர்டும் வீரையன் மூக்கும்

வீரையன் அண்ணனின் பிக்கப் வண்டிக்கு வயது பதினேழு. அதன் டேஷ்போர்டில் எந்த முள்ளும் அசைந்து நான் பார்த்ததில்லை. வெயிலில் வெடித்த பிளாஸ்டிக்கை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். வேகத்தைக் காதால் சொல்வார், சூட்டை மூக்கால் சொல்வார். வெல்லம் காய்ச்சுகிற மாதிரி லேசாக ஒரு வாசனை வந்தால் போதும், அடுத்த வாய்க்காலோரம் நிறுத்தி, இன்ஜினை ஆறவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கிளம்புவார். நீடாமங்கலத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த மூக்கு என்றால் ஒரே கிண்டல்.

கூலிக்கு அறுப்பு அறுத்த குடும்பத்தில் முதன்முதலாக நாலு சக்கரம் வாங்கியவர் அவர். நிலம் கிடையாது, வேறு தொழில் கிடையாது. அறுவடை இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும்.

பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் மீரா உசேன் வருஷம் முழுக்க தினம் ஒரு லோடு தருவதாகச் சொன்னார். வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் ஒண்ணும் ஓடலையேங்க. நடுவழியில நின்னா காய்க்கு என்ன பண்ணுவேன்? சரி பண்ணிட்டு வாங்க, லோடு உங்களுக்குத்தான்" என்றாராம். நியாயமான பேச்சுதான்.

திருச்சியில் வண்டி உடைக்கும் இடத்தில் அதே கம்பெனியின் புது மாடல் டேஷ்போர்டு ஒன்றைப் பிடித்தேன். இரண்டு விரல் அகலம் அதிகம், ஓரத்தை அறுத்தேன். இந்த வண்டி ஒயருக்கும் அந்த டேஷ்போர்டு ஒயருக்கும் நிறத்தில்கூட ஒட்டு உறவு இல்லை. மூன்று நாள் மல்லுக்கட்டி எல்லாவற்றையும் வழிக்குக் கொண்டுவந்தேன், ஒன்றைத் தவிர. இன்ஜின் சூடானால் எரிய வேண்டிய சிவப்பு லைட், சாவி போட்டதுமே எரிந்தது, பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்த இன்ஜினுக்கும் எரிந்தது. பழைய சென்சார் புது மீட்டருக்கு ஒத்துவரவில்லை. புது சென்சார் சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகும்.

மறுநாள் விடியற்காலை எங்கள் மாதா கோயில் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடக்கிறோம். நான் காவி வேட்டி கட்டியாகிவிட்டது. அந்த லைட்டின் ஒயரைப் பிடுங்கி டேப் சுற்றி உள்ளே தள்ளினேன். திரும்பி வந்து சென்சாரை மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வீரையன் அண்ணன் மனைவி பொன்னுத்தாயோடு வந்தார். புது மீட்டரை அவர் தடவிப் பார்த்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சொன்னால் சென்சார் மாட்டும்வரை வண்டியை எடுக்க மாட்டார், அதை மாட்டிக் கொடுக்காமல் நான் நடை போக முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

"இனிமே மூக்குக்கு ரிட்டயர்மெண்ட் அண்ணே. சூடானா செவப்பு லைட் எரியும்" என்றேன்.

"எரியலைன்னா?"

"எரியலைன்னா ஒண்ணும் இல்ல. நிறுத்தாம ஓட்டுங்க."

பொன்னுத்தாய் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆறாம் நாள் கொப்புளக் காலோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன். கடை வாசலில் வண்டி நின்றது. முன்னால் இழுத்து வந்த கயிறு அப்படியே தொங்கியது. ஷட்டருக்கு அடியில் சென்சார் பொட்டலம் கிடந்தது.

நாலாவது லோடில், மதுக்கூர் தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருக்கிறது. இன்ஜின் இறுகிவிட்டது. பக்கத்துக் கடை மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காயை ஏற்றப் போன வேறொரு வண்டிக்கே அந்த தினசரி லோடும் போய்விட்டது.

வீரையன் அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். "தப்பு என்னுதுதான் தம்பி. மதுக்கூர் தாண்டினதும் வெல்ல வாசனை வந்துச்சு. பக்கத்துலயே வாய்க்கா, தண்ணி நெறஞ்சு போவுது. காலு பிரேக்குக்கே போயிடுச்சு. லைட்டப் பாத்தேன். எரியல. சரி, வயசாயிடுச்சு, மூக்கு கெட்டுப்போச்சுன்னு ஓட்டிட்டேன்" என்றார்.

நான் குனிந்து சென்சார் பொட்டலத்தை எடுத்தேன்.

"இப்ப வீட்டுல தாளிக்கிற வாசனை வந்தாக்கூட, நெசமாத்தான் வருதான்னு அவளைக் கேக்குறேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. சாவியைத் திருப்பினேன். வரிசையாக எல்லா லைட்டும் எரிந்தன. ஒரே ஒரு இடம் இருட்டாக இருந்தது. அதில் விரலை வைத்து, செய்ததைச் சொன்னேன். சென்சாரையும் காட்டினேன். அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த இருட்டை அவரும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப என் மூக்கு சரியாத்தான் சொல்லிச்சா?"

"ஆமாண்ணே."

தலையாட்டினார். இறங்கி, சாவியை என் கையில் வைத்தார். "பழைய இரும்புக்குப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தவர், நாலு எட்டு போய்த் திரும்பினார்.

"டேஷ்போர்ட மட்டும் கழட்டி வச்சுக்க. யாருக்காவது ஆவும். குடுக்குறப்ப அந்த லைட்ட எரிய வச்சுக் குடு."