எல்லாரும் சம்மதித்த நாய்க்குட்டி

எனக்கு ஒரு நாய்க்குட்டி தேவை என்று என் பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை. கண் மங்குகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது யார் காதிலும் ஏறவில்லை.

மூத்தவன் மீர்லான் தலைநகர் பிஷ்கெக்கில் வங்கி வேலையில் இருக்கிறான். மகள் சைரா கொரியாவில் ஏதோ தொழிற்சாலையில். கடைக்குட்டி எர்னிஸ் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான். எங்கள் நாரின் மலைப் பக்கம் மூத்தவன் எங்கே போனாலும் யாரும் கேட்பதில்லை. பெண் எப்படியும் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகிறவள். கடைசிப் பையன்தான் பெற்றவர்களோடு இருக்க வேண்டும். வீடும் அவனுக்கு, வீட்டில் உள்ள கிழடுகளும் அவனுக்கு. அப்படித்தான் எல்லா வீட்டிலும் நடக்கிறது, என் வீட்டைத் தவிர.

வசந்தத்தில் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்த கையோடு மூன்று பேரும் மூன்று திசைக்குக் கிளம்பிவிட்டார்கள். இப்போது அக்டோபர். முதல் பனி விழுந்ததும் கணவாய்ப் பாதை அடைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் எர்னிஸ் வருவானா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர்களும் வாய் திறக்கவில்லை. அதனால் எல்லோருமாகச் சேர்ந்து நாயைப் பற்றிப் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பில் மூன்று முகங்களும் வந்தன. மீர்லான் இணையத்திலிருந்து ஒரு கேள்விப் பட்டியலே எடுத்து வைத்திருந்தான். கடன் கேட்டு வந்தவனிடம் பேசுகிற அதே குரல்.

"அப்பா, நாய் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வீட்டுல தனியா இருக்க வேண்டிவரும்?"

"யாரு, நாயா? நானா?"

"கிண்டல் பண்ணாதீங்கப்பா. அடுத்தது. வீட்டுல இருக்கிற எல்லாரும் சம்மதிச்சாத்தான் நாய் வாங்கணும்னு போட்டிருக்கு."

"வீட்டுல இருக்கிற எல்லாரும்னா நான் ஒருத்தன்தானே."

"அதான் நாங்க மூணு பேரும் சம்மதிச்சுட்டோமே!"

சைராவுக்கு ரோமம் கொட்டாத ஜாதியாக வேண்டுமாம். கொரியாவில் நாய்களைத் தள்ளுவண்டியில் வைத்து உலாத்துகிறார்களாம், காலுக்கு ஷூ கூட உண்டாம். "குட்டியா, வெள்ளையா, மடியில வச்சுக்கிற மாதிரி வாங்குங்கப்பா" என்றாள். எங்கள் ஊரில் அப்படி ஒன்றைத் தெருவில் விட்டால் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும். எர்னிஸ் காரை ஓட்டிக்கொண்டே பேசினான். "ஓநாய் வர்ற ஊருப்பா. பெரிசா ஒண்ணு வாங்குங்க. ராத்திரி வாசல்ல ஒரு ஆள் இருந்த மாதிரி இருக்கும்." இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடைசியில் தைகான் குட்டி என்று முடிவானது. எங்கள் மலை வேட்டை நாய்தான். நாலு வீடு தள்ளி இருக்கும் கால்முராத்திடம் ஐந்து குட்டிகள் இருந்தன. நாயைக் காசு கொடுத்து வாங்குவது எங்களுக்குக் கௌரவக் குறைவு. அவன் மனைவிக்கு ஒரு தலைத்துணியும் ஒரு பொட்டலம் தேயிலையும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பிள்ளைகளும் என் சட்டைப் பையில் செல்பேசிக்குள் இருந்தபடியே கூட வந்தார்கள்.

கால்முராத் செல்பேசியை வாங்கி வேலிக் கம்பில் சாய்த்து வைத்தான். "சாதிர் அண்ணே, அஞ்சுல நல்லது எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெத்தவளுக்குத் தெரியும். அவளையே கேட்டுடுவோம்" என்றான்.

தாயைக் கொட்டிலுக்குள் பூட்டினான். குட்டிகள் ஐந்தையும் தூக்கி வந்து முற்றத்தின் அந்தக் கோடியில் குளிர்ந்த மண்ணில் விட்டான். தாய் முதலில் எதைக் கவ்விக்கொண்டு படுக்கைக்குப் போகிறதோ அதுதான் சிறந்த குட்டி. எங்கள் அப்பன் பாட்டன் எல்லோரும் இப்படித்தான் பார்த்தார்கள். கதவைத் திறந்ததும் தாய் ஒரே பாய்ச்சலில் வந்தது. குட்டிகளை முகர்ந்தது. பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கவ்வியது.

"அதான்! அதான்! எடுத்துக்கங்க!" என்று மீர்லான் கத்தினான். "எவ்வளவு நேரம் மிச்சம் பாருங்க!"

அதோடு சோதனை முடிந்தது. ஆனால் அதை யாரும் அந்தத் தாயிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கினாள். அப்புறம் மூன்றாவது, நான்காவது. கடைசிக் குட்டி, கறுப்பாக, கையளவு இருந்தது. அது தவழ்ந்து போய் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தாய் படுக்கையில் படுத்தாள், எழுந்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி வெளியே ஓடி வந்தாள். வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்து அந்தப் பொடியனை இழுத்து வந்தாள். நாங்கள் ஒரு கிண்ணம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஐந்தும் அவள் வயிற்றுக்கடியில் கிடந்தன.

எனக்கு அந்த நாய் மேல் பொறாமையாக இருந்தது. வேறெப்படிச் சொல்வது? பொறாமைதான்.

"எது வேணும் அண்ணே? பழுப்பா?" என்றான் கால்முராத்.

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, எனக்கு இன்னொரு வேலை இருக்கு" என்றான் மீர்லான்.

"எதுவும் வேண்டாம்."

"ஏன்ப்பா? பிடிக்கலையா?" என்றாள் சைரா.

"ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இதை நான் தூக்கிட்டுப் போனா, 'அப்பாவுக்குத் துணை கிடைச்சுடுச்சு'ன்னு நீங்க மூணு பேரும் நிம்மதியா தூங்குவீங்க. நீங்க தூங்குறதுக்கு நான் எதுக்கு நாய் வளர்க்கணும்?"

மூன்று முகங்களும் அசையவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று கால்முராத் செல்பேசியை எடுத்துப் பார்த்தான். சிக்னல் நன்றாகவே இருந்தது.

"அப்போ... பூனை?" என்றாள் சைரா மெல்ல.

"குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறாரு" என்றான் மீர்லான். "டேய் எர்னிஸ், நீ சொல்லுடா. நீ சொன்னாத்தான் கேப்பாரு."

எர்னிஸ் எப்போது காரை ஓரங்கட்டினான் என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மூக்கை உறிஞ்சினான்.

"நாய் வாங்காதீங்கப்பா" என்றான்.

"அப்ப நீ ஊருக்குப் போறியாடா?" என்று மூத்தவன் பாய்ந்தான்.

எர்னிஸ் காரை மறுபடி கிளப்பவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. மற்ற இருவரும் போன பிறகும் கொஞ்ச நேரம் நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருத்தனுக்காவது இன்றைக்குத் தூக்கம் வராது என்று எனக்குத் தெரிந்தது. பெற்ற பிள்ளை தூக்கம் கெட்டுக் கிடப்பான் என்று ஒரு தகப்பன் சந்தோஷப்படலாமா? நான் சந்தோஷப்பட்டேன்.