நவநீதனின் மூன்று அங்குலம்

நவநீதனிடம் ராஜப்ரியா குறை சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. குளிக்கப் போனால் கீசர் தண்ணீர் முழுவதையும் அவனே காலி செய்துவிடுவான். குன்னூர் குளிரில் எலக்ட்ரிகல் கடை வைத்துக்கொண்டு, ஃபேன் விற்கவில்லையே என்று வருத்தப்படுவான். கோபம் வந்தால் சண்டை போடாமல் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வான், இவள் யாரோடு சண்டை போடுவது? ஆனால் உயரத்தைப் பற்றி மட்டும் அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவளைவிட அவன் மூன்று அங்குலம் குட்டை. அதனால் என்ன குடியா முழுகிவிட்டது?

ஊர் அப்படி விடுமா? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா, "அக்காவும் தம்பியுமா கண்ணு?" என்று பாசமாகக் கேட்பார். கடைக்கு வருகிற புது ஆள், கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவனையே பார்த்து, "தம்பி, ஓனர் இல்லீங்களா?" என்பார். அவன் "இப்ப வந்துருவாருங்க" என்று உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "சொல்லுங்க, என்ன வேணும்?" என்பான். அப்படி எதையும் சிரித்தே தள்ளுகிற மனுஷன், மாசி மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"ராஜி, காலை நீட்டி உசரமாக்கற ஆபரேஷன் இருக்குதாமா. பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனார்கள். அவர் நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிடுவார் என்று நம்பித்தான் ராஜப்ரியாவும் கூடப் போனாள். அவர் திட்டவில்லை. நல்ல மனுஷர், எதையும் மறைக்கவும் இல்லை. எலும்பை வெட்டி உள்ளே ஒரு கம்பி வைப்பார்கள். தினமும் ஒரு மில்லிமீட்டர் அந்த வெட்டை விலக்கிக்கொண்டே போவார்கள். விலகின இடத்தில் புது எலும்பு வளரும். சதையும் நரம்பும் கூடவே இழுபட வேண்டும், வலிக்கும். நடை பழையபடி திரும்பாமலும் போகலாம். "வியாதின்னு ஒண்ணும் இல்லாத காலு. நல்லா யோசிச்சுக்குங்க" என்றார்.

அந்தக் கால்களை அவளுக்குத் தெரியாதா? மார்க்கெட்டிலிருந்து வீடு வரைக்கும் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்காமல் கதை பேசிக்கொண்டே ஏறுகிற கால்கள். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் பாதி ஏற்றத்தில் இவள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டால், திரும்பி இறங்கி வந்து கூட்டிப் போன கால்கள்.

"நடந்து பழகறதுக்குப் படி, ஏத்தம் எதுவும் இல்லாத சமமான எடம் வேணும். உங்க வீடு எப்படி?" என்று கேட்டார் டாக்டர்.

"அதெல்லாம் சமமான எடந்தானுங்க" என்றான் நவநீதன், சத்தியம் செய்கிற குரலில். ராஜப்ரியாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

எதற்கும் ஒரு வீடியோ அனுப்புங்கள் என்றார் அவர். அனுப்பினார்கள். மறுநாள் போனில், "ஏனுங்க, நான் உங்க வீட்டைத்தான காட்டச் சொன்னேன்? மலையேறப் போனதை எதுக்கு அனுப்புனீங்க?" என்று கேட்டார். இருவரும் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். வாசலிலிருந்து கருங்கல் படி இறங்குகிறது. தண்ணீர்த் தொட்டி பக்கம் திரும்பி இன்னும் கொஞ்சம் படி. அப்புறம் மழை பெய்தால் வழுக்குகிற சிமெண்ட் சரிவு, அதற்கப்புறம்தான் ரோடு. குன்னூர்க்காரனுக்கு முட்டி பிடிக்காத இடமெல்லாம் சமதளம். அவன் பிறந்ததே அங்கே, அவனை விட்டுவிடலாம். காரமடையில் பிறந்து வளர்ந்த ராஜப்ரியாவுமல்லவா தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்! நாலே வருஷத்தில் மலை அவளையும் மாற்றி வைத்திருந்தது.

"எங்கம்மா ஊடு இருக்குதல்லங்க? வாசல்லயே லாரி நிறுத்தலாம், அத்தனை சமம்."

"மாமனார் ஊட்டுல போயி வருசக்கணக்குல படுத்துக்கறதா? கடைய யாரு பாக்கறது?"

ஆகவே குன்னூரிலேயே சமமான இடத்தில் ஒரு வீடு வேண்டும் என்று ஆயிற்று. "உனக்கு இஷ்டமில்லேன்னா சொல்லிரு ராஜி, விட்டுடறேன்" என்று அவன் கேட்கத்தான் செய்தான். அவளால் சொல்ல முடியவில்லை. அவள் ஒரு வார்த்தையால் அவன் ஆசையை விட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொரு "அக்கா தம்பி"க்கும் சிரித்துக்கொண்டு நிற்பதை எப்படிப் பார்ப்பது? சமமான இடம் கிடைக்காது, குன்னூர் மலை நம்மைக் காப்பாற்றிவிடும் என்று அவள் நம்பினாள். கிடைத்துவிட்டால் அவன் காலை வெட்டிவிடுவார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொண்டாள்.

வீட்டு புரோக்கர் வேலுசாமி, குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். முதல் வீட்டுக்கு, "ரெண்டே படிதானுங்க" என்று கூட்டிப் போனார். அந்த இரண்டு படிக்கு வந்து சேர ஒரு தேயிலைக் காட்டை ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் வாசல் ரோட்டோடு இருந்தது, சமையலறை மட்டும் ஒரு மாடி கீழே இருந்தது. மூன்றாவது வீட்டில் ராஜப்ரியா பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். அது ஹாலிலிருந்து கிளம்பி, யாரையும் கேட்காமல், புழக்கடைக் கதவில் போய் முட்டி நின்றது.

"தண்ணி தேங்காம ஓடறதுக்கு அப்படிக் கட்டியிருக்கறதுங்க" என்றார் வேலுசாமி, கொஞ்சமும் கூசாமல்.

ராஜப்ரியாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. அவருக்கும் சேர்த்து டீயும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தாள்.

நாலாவது வீடு வெலிங்டன் பக்கம். ஜெஸிந்தா என்கிற ரிட்டயர்டு டீச்சருடையது. எந்தக் காலத்திலோ எவரோ பந்து விளையாட மண்ணை வெட்டி மட்டப்படுத்திய இடத்தில் கட்டின வீடு. கேட்டிலிருந்து வாசல் வரை நீளமான முற்றம். அவள் குனிந்து எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அது நகரவில்லை. விரலால் லேசாகத் தள்ளிவிட்டாள். இரண்டு உருட்டு உருண்டு நின்றுவிட்டது.

"நான் சொன்னனல்லங்க!" என்ற வேலுசாமி, சாவி வாங்க டீச்சரிடம் ஓடினார்.

நவநீதன் முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தான். ஏற்றமும் இறக்கமும் இல்லாத இடத்தில் காலை எப்படி வைப்பது என்று தெரியாதவன் போல நடந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்க பண்ணிக்குங்க. நான் தூக்கிப் புடிச்சுப் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஊர்ல எவனோ தம்பின்னு கூப்புடறான்னா, அதுக்கா இத்தனை வலியையும் வாங்கிக்கோணும்?"

"ஊருக்காகவா?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "ஊரு இன்னைக்கு இதைச் சொல்லும், நாளைக்கு வேற எதையாச்சும் சொல்லும். இதைப் பாரு."

போனில் ஒரு படத்தைக் காட்டினான். தை மாதம் அவள் சித்தி மகள் கல்யாணத்தில், மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு அவள் நிற்கிறாள். அரக்குப் பட்டு, நிமிர்ந்த முதுகு, நேரான கழுத்து. தன்னையே யாரோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

"இதுல நான் பக்கத்துல இல்ல" என்றான். அடுத்தடுத்த படங்களைத் தள்ளினான். அவன் பக்கத்தில் நிற்கிற படம் ஒவ்வொன்றிலும் அவள் தலை சாய்ந்திருந்தது. ஒரு தோள் இறங்கியிருந்தது. புடவைக்குள் ஒரு முட்டி மடங்கியிருப்பதுகூடத் தெரிந்தது. "என்ற பக்கத்துல வந்தா நீ குட்டையாயிடற ராஜி. நடக்கறப்பவும் அப்படித்தான். கழுத்து வலிக்குதுன்னு ஆபீஸ் கம்ப்யூட்டர் மேல பழி போடற. தைலம் தேய்ச்சு உடறவன் நானு, எனக்குத் தெரியாதா? இந்தப் போட்டோவைப் பாத்த அன்னைக்குத்தான் உன்ற உசரமே எனக்குத் தெரிஞ்சுது. நான் மூணு இஞ்சு வளந்தா நீ நேரா நிப்பீல்ல?"

தங்கள் கல்யாண மணமேடையில் போட்டோக்காரர், "தலையைக் கொஞ்சம் சாச்சுக்குங்கம்மா" என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. சாய்த்த தலையைத் திரும்ப நிமிர்த்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அவனுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்திருந்தாள். அந்த நாலு வருஷக் குனிவை அவன் தை மாதத்திலிருந்து தன் மனசில் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். அவளுக்குத் தன் மேல் கோபம் வந்தது, அவன் மேல் தாங்க முடியாத பிரியமும் வந்தது.

"அட கூறுகெட்ட மனுசா!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நான் நிமுர்றதுக்கு உங்க எலும்பை எதுக்கு வெட்டோணும்? நான் நிமுந்தாப் போதாதா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். முட்டியை நேராக்கினாள். தோளைப் பின்னால் தள்ளினாள். கழுத்தை நிமிர்த்தும்போது ஏதோ ஒரு நரம்பு சுளுக்கென்றது. நிமிர்ந்தாள்.

அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். அப்புறம், "எனக்கும் ஆசையில்லேன்னா அது பொய்யி ராஜி" என்றான்.

"ஆசை இருக்கட்டுமுங்க. அதுக்குன்னு நடக்கற காலை வெட்டுவாங்களா? இப்படி நிக்கறது உங்களுக்குச் சங்கடமா இருந்தாச் சொல்லிருங்க."

"இல்ல" என்றான். "இப்படியே நில்லு."

வேலுசாமி சாவியோடு வந்தபோது, "ஊடு அருமையான ஊடுங்க. எங்களுக்குத்தான் தேவையில்லாமப் போச்சு" என்று நவநீதனே சொன்னான். அவர் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார், பாவம்.

பஜார் வழியாகக் கை கோத்துக்கொண்டு இறங்கினார்கள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஜவுளிக்கடைப் பையன் பக்கத்தில் நின்றவனை இடித்துக் காட்டினான். தலை தானாகச் சாயப் பார்த்தது. சாய விடாமல் நடந்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டான் அவன்.

"வலிக்குது. பழகிருமுங்க."

அவன் அவள் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்ததில் எதிரே வந்த ஆட்டோவில் மோதப் பார்த்தான். "ஏப்பா தம்பி, ரோட்டைப் பாத்து நட!" என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

"சரிங்க்ணா" என்று சொல்லிவிட்டு, அவன் மறுபடியும் அவளையே பார்த்தான்.