புள்ளி விழாத பக்கம்

லேசர் பிரிண்டர் வந்த நாளிலிருந்து எங்கள் கடையில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், அலமாரியைப் படுக்கப் போட்டது மாதிரி அந்தப் பிரிண்டர். பின்னறையில் நானும் அக்காவும் சமைத்துச் சாப்பிடும் அடுப்பு. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு ஆகியும் நிலைக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த ஒரே சொத்து அக்காவின் கண்.

இதை நான் வீம்புக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்து, பிழையும் பார்த்தவள். பக்கத்தைக் கையில் வாங்கிய உடனே எந்த எழுத்து சாய்ந்திருக்கிறது, எங்கே மை அப்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளுடைய பென்சில் டிக் விழாத தாள் எங்கள் வாசலைத் தாண்டாது. அந்த டிக்கை நம்பித்தான் சட்டப் புத்தகம் போடுகிற பதிப்பாளர் எண்ணூறு பக்க வேலையைத் தருவதாகச் சொன்னார்.

“உங்க அக்கா சரின்னு சொல்ற எழுத்துல போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்றார். அந்த வேலை வந்தால் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை.

பிரிண்டரோடு இலவசமாக வந்த எழுத்து மகா அசிங்கம். ‘ண’ எல்லாம் சுழி அடைத்துக்கொண்டு சளி பிடித்தவை போல இருந்தன. நல்லதாக ஒரு ஃபாண்ட் வாங்குவது என்று முடிவானது. அப்போது ஃபாண்ட் என்பது பிளாப்பியில் வரும். ஒரு பிரிண்டரில் மட்டும்தான் ஏறும். உறையைக் கிழித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஒரு ஃபாண்டின் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். அதனால் மாதிரித் தாளைப் பார்த்து, ஆயிரம் தடவை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

ஃபாண்ட் விற்பவர் அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில் இருந்தார். பொறுமையான மனிதர். முதல் மாதிரியை அவரே கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“புள்ளி விழல” என்றாள்.

“விழுந்திருக்கேம்மா. பத்துப் பாயிண்ட் அளவுல இதைவிடப் பளிச்சுன்னு விழாது.”

“விழுந்தா எனக்குத் தெரியாதா? ‘க்’குக்கும் புள்ளி இல்ல, ‘ட்’டுக்கும் இல்ல. சட்டப் புத்தகத்துல புள்ளி இல்லாமப் போனா யாரு பதில் சொல்றது?”

எனக்குப் புள்ளி தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரிவதை வைத்து எங்கள் கடையில் எதுவும் நடந்ததில்லை. “உன் கண்ணு சினிமா போஸ்டருக்குத்தான் லாயக்கு” என்று அவள் கேலி செய்யாத வாரம் கிடையாது. அதனால் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். லென்ஸில் அந்தப் புள்ளி நாலு சின்னச் சதுரங்கள் ஒட்டிக்கொண்டு ஓரம் உடைந்தது போல இருந்தது.

“பாத்தீங்களா? அக்கா சொன்னா சொன்னதுதான்” என்று அவரிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்தப் பிரிண்டரில் எந்தப் புள்ளியை லென்ஸில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும் என்பது என் மண்டைக்கு அப்போது ஏறவில்லை. இரண்டாவது மாதிரி வந்தது, மூன்றாவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்கா புள்ளி விழவில்லை என்பாள், நான் லென்ஸை வைத்து ஆமாம் போடுவேன். டோனர் மாற்றினோம். கனமான தாள் வாங்கினோம். வெளிச்சம் போதவில்லை என்றாள், டியூப் லைட் மாற்றினேன். மேஜையை ஜன்னலோரம் போடச் சொன்னாள், முனகிக்கொண்டே இழுத்துப் போட்டேன். பத்து நாளில் இன்னொரு ஜன்னலுக்கு இழுத்தேன். இரண்டு மாதத்தில் ஒரு பக்கம்கூட வெளியே போகவில்லை. பதிப்பாளர் இரண்டு தடவை போன் செய்து, இரண்டாவது தடவை கொஞ்சம் குரலை மாற்றிப் பேசினார்.

ஏழாவது மாதிரியையும் அக்கா தள்ளிவிட்ட அன்று ஃபாண்ட் கடைக்காரரை வழியனுப்ப வாசல் வரை போனேன். அவர் தெருவில் இறங்கி நின்று தயங்கினார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. அம்மாவோட கண்ணை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்.”

எனக்கு வந்ததே கோபம். “உங்க சரக்கு சரியில்லன்னா அதைச் சொல்லுங்க. எங்க அக்கா கண்ணைப் பத்திப் பேச நீங்க யாரு?” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எட்டாவது மாதிரி ஆள் மூலம் வந்தது. கொஞ்சம் தடித்த எழுத்து. அக்கா வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, “இது பரவாயில்ல, வாங்கிடு” என்றாள். இருப்பதிலேயே விலை அதிகமானது. வாங்கினேன். உறையைக் கிழித்து ஏற்றி, சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அச்சிட்டு அவள் முன்னால் வைத்தேன்.

அவள் பென்சிலை எடுத்தாள். எடுத்ததைக் கீழே வைத்தாள்.

“இதுலயும் விழலடா.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது, அவள் மேல் இல்லை, அந்தக் கடைக்காரர் மேல். இழுப்பறையிலிருந்து எங்கள் அளவுத் தாளை எடுத்தேன். அது அச்சகத்தில் அக்கா கையால் கோத்த ஒரு புத்தகத்தின் பக்கம். “புள்ளின்னா இது” என்று அவள் எல்லோருக்கும் எடுத்துக் காட்டுவாள். அதை மேஜையில் புதுத் தாளின்மேல் போட்டுவிட்டு, கடைக்காரரை நாலு கேள்வி கேட்கலாம் என்று போனைச் சுழற்றினேன்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. அக்கா மேலே கிடந்த தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இது என்னடா, இன்னும் மோசமா இருக்கு? ஒரு எழுத்துலகூடப் புள்ளி இல்ல. எவன் குடுத்தான் இதை?”

போனில் கடைக்காரர் “ஹலோ, ஹலோ” என்றார். நான் வைத்துவிட்டேன். இரண்டு மாதமாக நான் லென்ஸும் கையுமாக அவளுக்கு ஒத்து ஊதியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

“வேற ஒரு கடையில குடுத்ததுக்கா” என்றேன். “குடு, தூக்கிப் போட்டுடறேன்.”

அவள் தாளை நீட்டினாள். நான் பிடித்தும் அவள் விடவில்லை. அவளுடைய கட்டைவிரல் தாளின் பின்பக்கம் போயிருந்தது. ஈய எழுத்து தாளை அழுத்திப் பதியும்; பின்பக்கம் தடவினால் வரி வரியாகத் தட்டுப்படும். லேசர் தாளின் முதுகு வழவழவென்று இருக்கும். நான் அதை யோசிக்கவே இல்லை. அவள் விரல் ஒரு வரி போயிற்று, இன்னொரு வரி போயிற்று, நின்றது.

“இது நம்ம தாளு.”

நான் தாளிலிருந்து கையை எடுத்தேன்.

“நான் கோத்தது.”

“ஆமாக்கா.”

வெளியே யாரோ சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனார்கள்.

“புள்ளி இருக்கா?”

“இருக்கு.”

“எல்லாத்துலயும்?”

“எல்லாத்துலயும் இருக்குக்கா.”

“புது எழுத்துல?”

“அதுலயும் இருக்கு.”

“முதல் முதல்ல வேணாம்னு திருப்பி அனுப்பினோமே, அதுல?”

“இருந்துதுக்கா” என்றேன்.

அவள் அளவுத் தாளை மடியில் வைத்து, ஓரம் மடங்கியிருந்ததை நீவிவிட்டாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை.

“அன்னைக்கு நீ தெருவுல கத்தினது எனக்குக் கேட்டுது” என்றாள். “எனக்கே என் கண்ணு மேல சந்தேகம்தான். அப்பவே நான் சொல்லியிருக்கணும், தைரியம் வரல. அவருக்குத் திரும்பப் போன் போடு. எந்த டாக்டர்னு கேளு.”

நான் போனை எடுத்தேன். அவள் புது எழுத்தில் வந்த பக்கத்தை என் முன்னால் தள்ளினாள். அதன்மேல் பென்சிலை வைத்தாள்.