பாசிப் பக்கம் மேலே

மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்துவிட்டு டேங்கை ஓடையில் கழுவினான் இருசப்பன். கிணற்றடி வரைக்கும் நடக்கச் சோம்பல், வேறென்ன! மறுநாள் காலையில் வெள்ளிமலைக்குக் கீழே அந்த ஓடையில் மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அவன் மனைவி செல்லியம்மாள் அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஒரு கல்லைப் புரட்டினாள் பாருங்கள், அடியில் ஒரு பூச்சிகூட உயிரோடு இல்லை.

அந்தப் பூச்சிகள்தான் அவள் தூண்டிலுக்கு இரை. மூன்று வால் முளைத்த தட்டைப் பூச்சி, மணலை ஒட்டிக் குழாய் மாதிரி வீடு கட்டிக் குடியிருக்கும் புழு, இவற்றைத் தின்றுதான் அங்கே மீன் வளர்ந்தது.

"மீனு செத்தா வேற மீனு ஏறி வரும். அதுக்கு சோறு ஏதுய்யா இனிமே?" என்று கேட்டாள். தூண்டிலைக் கூரையில் செருகியவள்தான், அப்புறம் ஓடைப் பேச்சையே எடுக்கவில்லை.

இருசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஓடை பிழைக்குமா, பிழைக்காதா? அதைக் கொன்றவன் என்ற பெயரோடுதான் சாக வேண்டுமா? தினமும் பொழுது சாயும்போது போய், முதல்நாள் விட்ட இடத்திலிருந்து கீழ்நோக்கிக் கல் கல்லாகப் புரட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. வெறுப்பில் கல்லை அப்படியே கவிழ்த்துப் போட்டுவிட்டு நடந்தான். இரை தேடிப் புரட்டிய கல்லைப் பாசிப் பக்கம் மேலே வரும்படி அதே குழியில் வைக்க வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டு. செத்த ஓடைக்கு என்ன கட்டு வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தான், மடையன்.

இப்படியே மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் மனசு கேட்காமல், முதன்முதலில் தொடங்கிய இடத்துக்கே மறுபடி ஏறிப் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் கவிழ்த்த கல் ஒன்றுகூடக் கவிழ்ந்து கிடக்கவில்லை. எல்லாம் அதனதன் குழியில், பாசி மேலே தெரிய உட்கார்ந்திருந்தன.

வளைவில், முழங்கால் தண்ணீரில் செல்லியம்மாள் குனிந்து நின்றாள்.

"நீ இங்க இன்னா பண்ற?" என்று கேட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் தண்ணீரில் இறங்கினான்.

"நீ கவுத்துக்கினே போற, நான் தெனம் காலையில வந்து நிமித்திக்கினு வரேன். கூரையப் பிச்சிப் போட்டுட்டு, யாரும் குடி வரலயேன்னா எப்பிடிய்யா வரும்? இன்னிக்குக் காலையில வர முடியல, அதான் இப்ப வந்தேன். சும்மா இரு, இதப் பாரு."

தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த கல்லில் மூன்று வால் பூச்சி ஒன்று ஏறி நின்றது. அதன் முதுகு வெடித்தது. உள்ளிருந்து ஈரத்தோடு ஒரு தலை, பிறகு இரண்டு றெக்கை. தண்ணீரைத் தவிர வேறெதையும் அறியாத அந்தத் துளி உயிர், தன் பழைய உடம்பைக் கல்லிலேயே விட்டுவிட்டுக் காற்றில் ஏறியது. அதன் பின்னாலேயே இன்னொன்று, பத்து, நூறு! ஓடை முழுக்க, மஞ்சள் வெயிலில், எண்ண முடியாமல் கிளம்பி மேலே மேலே போயின. அடேயப்பா! இருசப்பன் கை தானாகக் கூப்பிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது, அவன் துடைக்கவில்லை.

திடீரென்று ஓடையின் கீழ்ப்பக்கம் திரும்பினான்.

"நேத்து கவுத்த கல்லுங்க கீழ கெடக்குதே!" என்று தண்ணீரிலேயே ஓடப் பார்த்தான்.

"மெதுவாய்யா. உன் காலடியிலயும் பூச்சி இருக்கும்" என்றாள் செல்லியம்மாள்.

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றான். பிறகு அவள் தோளைப் பிடித்துக் கரையேறி, கரையோரமாகவே கீழ்நோக்கி நடந்து போனான்.