பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

“இஞ்சாருங்கோ, தோசை ஆறுது” என்று மாடிப்படியின் பாதியில் நின்று கனகேஸ்வரி கூப்பிட்டாள்.

கீழே கடையில் அவள் கணவர் பரமநாதன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் ஒருவருக்காக இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் குரல் கேட்டிருக்காது. சுவரில் விழுந்த நிழலைப் பார்த்திருப்பார். திரும்பாமலே ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒரு நிமிஷமாம். அவருடைய ஒரு நிமிஷத்தின் நீளம் அவளுக்குத் தெரியும். மேலே போய்த் தோசையின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவைத்தாள். சம்பலில் உப்புப் பார்த்தாள். மறுபடி இறங்கி வந்தபோது இசைத்தட்டு முடிந்து, ஊசி கடைசி வளையத்தில் கிறிச் கிறிச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மேசைமேல் தலை சாய்த்திருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

மாரடைப்பு என்றார் டாக்டர். அது 1987ஆம் ஆண்டு, தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாள். தண்ணீர்ப்பந்தலுக்காக எடுத்துப்போன ஒலிபெருக்கிப் பெட்டிகளைக்கூட அவர் இன்னும் கயிறு அவிழ்த்து வைக்கவில்லை.

தீவின் கடைத்தெருவில் பரமநாதனின் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், ஒரு நாள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து இசைத்தட்டுக் கடை போட்டார். “யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிள்ளை பென்ஷன் உத்தியோகத்தை விட்டுப்போட்டுப் பாட்டு விக்கிறான்” என்று அவருடைய தகப்பனார் சாகும்வரை அந்தத் தெருப்பக்கம் வரவில்லை. மற்ற எல்லாரும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கதவைப் பாதி இறக்கி, பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, பழைய கச்சேரிகளின் ஒலிநாடாவைப் போடுவார். பக்கத்துக் கடை இஸ்மாயில் டீ கொண்டுவருவார். அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு வழக்கம் இருந்தது. நாடாவைச் சுழலவிடுமுன், அந்தக் கச்சேரிக்குப் போயிருந்தவர்கள் நாடாவில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மழையில் மின்சாரம் போனது, பாடகியின் செருப்புத் தொலைந்தது, பின் வரிசையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டது. சொல்லி முடித்த பிறகுதான் பாட்டு.

வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளியை ஒட்டி, சுப்பையாவின் மெல்லிசைக் குழுவை வைத்துக் கடையின் பேரில் ஒரு கச்சேரியும் நடக்கும். சுப்பையாவுக்குக் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை, மற்ற நேரமெல்லாம் தபேலா. பரமநாதனுக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. ஒலிவாங்கியைப் பிடித்து அறிவிப்புச் செய்வார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவர் பேசும் பேச்சுக்கென்றே வருகிற ஆட்கள் இருந்தார்கள்.

சாவு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகு, ஒரு நாள் காலையில் கனகேஸ்வரிக்கு அது தோன்றியது. அவர் சொன்ன சொற்கள் நினைவில் இருந்தன. குரல் வரவில்லை. எந்தச் சொல்லை நினைத்தாலும் அது அவளுடைய குரலிலேயே மனதுக்குள் கேட்டது. படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. குரல் வேண்டும். ஒரே ஒரு தடவை காதால் கேட்டால் போதும், பிறகு பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

தங்கச்சியின் கல்யாண வீடியோ இருந்தது. அதில் அவர் பந்தியில் நின்று யாரிடமோ கையை ஆட்டிப் பேசுகிறார். ஆனால் வீடியோ முழுவதும் நாதஸ்வரம் போட்டு மூடியிருந்தது. பொருத்தமான நாதஸ்வரத்தைத் தேடிக் கொடுத்தவரும் அவர்தான்.

கடைக்கு இறங்கி, கச்சேரி நாடாக்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒரு பாட்டு, கைதட்டல், டக்கென்று ஒரு சத்தம், உடனே அடுத்த பாட்டு. எந்த வருஷத்தைப் போட்டாலும் டக்கென்ற அந்தச் சத்தம்தான் வந்தது.

சுப்பையா வந்தபோது கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அண்ணன் பேச்செல்லாம் அதுல இருக்காது அக்கா. ஒரிஜினல்லேருந்து நல்ல காப்பி எடுக்கும்போது அவரே பட்டனை அமுக்கி, தன் பேச்சை விட்டுட்டுத்தான் ஏத்துவாரு. ‘சனங்க பாட்டுக்குத்தான்டா காசு குடுக்குது, என் வாய்க்கா குடுக்குது?’ன்னு சிரிப்பாரு.”

“அப்ப அந்த ஒரிஜினல்?”

“அது மேலேயே அடுத்தது ரிக்கார்டு பண்ணிடுவாரு. கடைசியா இருந்ததுல தைப்பூசத்துக்குப் பந்தல் பாட்டு ஏத்தினோம்.”

ஊர்ச் சத்தத்தையெல்லாம் சேர்த்து வைத்த மனுஷன், தன்னை மட்டும் வெட்டி வெட்டி எடுத்திருக்கிறார். அதுவும் ஒவ்வொரு வருஷமும், சந்தோஷமாக.

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி முடிந்த ஞாயிறு, கடையில் பழையபடி கூட்டம் கூட்டலாம் என்று சுப்பையா யோசனை சொன்னான். கச்சேரி நாடா வைத்திருப்பவர்கள் எடுத்துவரட்டும், எங்காவது ஒன்றில் தப்பியிருக்கும். சொல்லி அனுப்பினார்கள். செய்தி ஃபெர்ரி ஏறி அக்கரைக்கும் போனது.

வந்தவர்கள் மடியிலிருந்தும் கைப்பையிலிருந்தும் நாடாக்களை எடுத்து மேசையில் வைத்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். பாட்டு, கைதட்டல், டக். பாட்டு, கைதட்டல், டக்.

“எல்லாம் இங்க வாங்கினதுதானே லா” என்றார் இஸ்மாயில். “நம்ம கடைச் சரக்கே நமக்குத் திரும்பி வருது.”

யாரோ சிரித்தார்கள். கனகேஸ்வரியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

கதவோரத்தில் நின்றிருந்த ஒரு பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். அக்கரையில் பைராம் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள், பெயர் குணவதி. கையில் உறையில்லாத கேசட் ஒன்றை முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

“என்கிட்ட ஒண்ணு இருக்கு அக்கா. கடையில வாங்கினது இல்ல. நல்லாவும் இருக்காது. எடுத்துக் காட்டவே வெக்கமா இருந்துச்சு.”

இரண்டு வருஷத்துக்கு முந்திய தீபாவளிக் கச்சேரி அது. அவளுடைய அப்பாவுக்கு அந்த வருஷம் கால் விழுந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் பஸ்ஸும் ஃபெர்ரியும் மாறி வந்து பார்த்துக்கொண்டிருந்தவர்.

“கடை கேசட்டு வாங்கிட்டு வரேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு. ‘வெறும் பாட்டு எனக்கு எதுக்கு, ரேடியோவுல கேக்கலாமே, நான் அங்க உக்காந்திருக்கிற மாதிரி வேணும்’ன்னாரு. அதான் கேசட்டு ரேடியோ செட்டை மடியில வச்சு, முதல்லேருந்து கடைசிவரைக்கும் ரிக்கார்டு பண்ணிட்டேன்.”

சுப்பையா கேசட்டை வாங்கிப் போட்டான்.

முதலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஒரு குழந்தை அழுதது. யாரோ கச்சான் கடலை கேட்டார்கள். ஒரு பாட்டு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து முடிந்தது. கைதட்டல். டக்கென்ற சத்தம் இல்லை.

தொண்டையைச் செருமும் ஓர் ஒலி. “அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே…”

கனகேஸ்வரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர்தான். அந்தச் செருமலை எப்படி மறந்தேன் என்று இருந்தது.

அடுத்த கணமே, மிகக் கிட்டத்தில், தெள்ளத்தெளிவாக, ஒரு பெண்குரல் எழுந்தது.

“இவர் இனித் தொடங்கினால் லேசில விடமாட்டார். நீங்கள் சொல்லுங்கோ, இறாலுக்குத் தேங்காய்ப்பால் எப்ப விடுறனீங்கள்?”

கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அது யார் குரல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, கனகேஸ்வரியைத் தவிர. தன் குரலை வெளியிலிருந்து அவள் கேட்டதேயில்லை. இரண்டு வாக்கியம் போன பிறகுதான் அவளுக்கும் விளங்கியது. அன்று பக்கத்தில் பல் டாக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பின் வரிசையில் குணவதி இருந்திருக்கிறாள், மடியில் ரேடியோவோடு.

மேடையில் அவர் பேசிக்கொண்டேயிருந்தார். அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அதன்மேல் இறால் உரிப்பதும், வெந்தயம் தாளிப்பதும், மிளகாய்த்தூளை வறுக்கும் பதமும் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று மண்டபம் முழுதும் கொல்லென்று சிரித்தது. பிறகு அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

சுப்பையா நாடாவை நிறுத்தினான்.

“என்ன சொன்னவர்?” என்று கேட்டாள் கனகேஸ்வரி. “எதுக்குச் சிரிச்சவை?”

“என் தபேலா ஃபெர்ரியில நனைஞ்சுபோன கதையா இருக்கும்” என்றான் சுப்பையா.

“அது முந்தின வருஷம். இது என் டீயைப் பத்தி” என்றார் இஸ்மாயில். “டீ குடிச்சவன் தூங்க மாட்டான், பாட்டு கேட்டவன் தூங்கிட்டான்னு என்னமோ சொன்னாரு.”

“இல்ல, மண்டபத்துக்காரன் விசிறியைப் பத்தி” என்றார் இன்னொருவர். ஆளுக்கொன்று சொன்னார்கள். சிரித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. எதற்கென்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

அவள் குணவதியைப் பார்த்தாள். “நீ பின்னால இருந்தனி. உனக்கும் கேக்கேல்லையோ?”

குணவதிக்கு முகம் சிவந்துவிட்டது. “நானும் உங்களைத்தான் அக்கா கேட்டுக்கிட்டிருந்தேன். அன்னையிலேருந்து எங்க வீட்டுல இறால் அப்படித்தான். அப்பா அந்த இடம் வந்தா, ‘சத்தமா வைம்மா’ம்பாரு.”

“அப்பா எப்படி இருக்கிறார்?”

“போன வருஷம் போயிட்டாரு அக்கா.”

கனகேஸ்வரி குணவதியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

“இதை நீ கொண்டுபோ. எனக்கு ஒரு காப்பி போதும்.”

சுப்பையா இரண்டு இயந்திரங்களையும் இணைத்தான். பாட்டு ஏறியது. கைதட்டல் வந்ததும், பரமநாதனோடு இருந்து பழகிய பழக்கம், அவன் கை தானாகவே பொத்தானுக்குப் போனது.

“தம்பி, கையை எடு” என்றாள் அவள்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். செருமலும், அன்பார்ந்த ரசிகப் பெருமக்களும், இறாலும், சிரிப்பும் ஒன்றும் விடாமல் ஏறின. ஏறி முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை. இஸ்மாயிலின் டீ ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு கடை சில வருஷம் ஓடியது. சுப்பையா பார்த்துக்கொண்டான். இப்போது அந்த இடத்தில் சேலைக் கடை இருக்கிறது. கனகேஸ்வரி செபராங் ஜெயாவில் தங்கச்சி வீட்டோடு இருக்கிறாள். நாடா தேயத் தேய வேறு கேசட்டில் ஏற்றி வைத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் சத்தம் இன்னும் கொஞ்சம் மங்குகிறது. தன் பேச்சுக்கு அடியில் போய் அவர் சொற்களைப் பிடிக்க எத்தனையோ விதமாகக் காதைச் சாய்த்துப் பார்த்துவிட்டாள். ஒன்றிரண்டு சொற்கள் அகப்பட்டதுபோல் இருக்கும். மறுநாள் அவை வேறு சொற்களாகத் தெரியும்.

“பழப்புளியைக் கடைசியில விடுங்கோ, முதலே விட்டால் இறால் இறுகிப்போகும்” என்று நாடாவில் அவள் சொல்லி வாய் மூடுகிறாள். உடனே மண்டபம் சிரிக்கிறது.