பத்துப் பொட்டலமும் அரைக் கிலோவும்

“இந்தப் பத்துப் பொட்டலத்தையும் ஒரு தட்டுல வைங்க மாமா. அந்த அரைக் கிலோவ மறு தட்டுல வைங்க.”

ஜோதிமேரி இதைக் கேட்கவே கூடாது என்று அவள் அம்மா யாகப்பம்மாள் சொல்லி வைத்திருந்தாள். மகள் மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டுத் தங்கச்சிமடத்தில் ரயிலைவிட்டு இறங்கிய நாளிலிருந்து அதே பாட்டுத்தான். “எங்கன வேணாலும் வாயாடு. மரியசெல்வம் கடையில போயி நிறுத்துக் காட்டுன்னு மட்டும் கேட்டுறாத.” சம்பந்தம் பண்ணப்போகிற வீடு, அதனால் அம்மா பயப்படுகிறாள் என்றுதான் ஜோதிமேரி நினைத்தாள். மரியசெல்வத்தின் மகன் பெஞ்சமினுக்கும் அவளுக்கும் நாளைக் காலை மாதாகோயில் பூசையில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கிறார்கள். சாமியார் பெயரைப் படித்துவிட்டால் அது ஊரறிந்த கல்யாணம். அதற்குமேல் பெண் பின்வாங்கினால், அந்தப் பெண்ணைக் கேட்டு இன்னொரு வீட்டிலிருந்து ஆள் வராது.

கடையில் கூட்டம் இருந்தது. வள்ளங்கள் கரையேறி, மீன் விற்ற காசு பெண்களின் கைக்கு வந்திருந்த சாயங்காலம். இந்தக் கரையில் யாரும் கடைக்குப் போய்க் கிலோக் கணக்கில் கேட்பதில்லை. கையிலிருக்கிற காசை நீட்டி, ஓரணாவுக்குச் சீனி, அரையணாவுக்குக் காப்பித்தூள் என்பார்கள். அணா போய் நயா பைசா வந்தது, சேர் போய்க் கிலோ வந்தது. ஆனாலும் அந்தச் சீனிக்குப் பேர் ஓரணாப் பொட்டலம்தான். விலை ஆறு காசு. வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு மறு கையை நீட்டுவார்கள். மரியசெல்வம் அதில் ஒரு சிட்டிகை பொட்டுக்கடலை வைப்பார். அந்தக் கொசுறுக்காக ஊர் அவரைத் தர்மவான் என்றது.

ஜோதிமேரி முதலில் பத்துப் பொட்டலம் சீனி கேட்டாள். ஓலை வாசிக்கிற வீட்டுக்கு விருந்தாளி வரத்தானே செய்வார்கள் என்று மரியசெல்வம் சிரித்தபடி எடுத்துப் போட்டார். அறுபது காசு. பிறகு அரைக் கிலோ சீனி தனியாக நிறுக்கச் சொன்னாள். அதுவும் அறுபது காசு. முத்திரை குத்திய புதுப் படிக்கல்லை வைத்து நிறுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சைப் பேசினாள்.

மரியசெல்வத்தின் சிரிப்பு நின்றது. “எதுக்குத் தாயி?”

“விலை ஒண்ணா இருக்கு. சரக்கும் ஒண்ணா இருக்கான்னு பாக்கத்தான்.”

“பொட்டலம்னா தாளு வேணும், நூலு வேணும்.”

“தாளையும் நூலையும் சேத்தே வைங்க. பிரிக்கச் சொல்லலையே.”

கல்லாப் பக்கம் நின்றிருந்த பெஞ்சமினுக்கு இது வேடிக்கையாக இருந்தது. மண்டபத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா அவன். வாரக் கடைசியில்தான் கடைக்கு வருவான். “படிச்ச புள்ள சோதிச்சுப் பாக்குது. பாக்கட்டுமே அய்யா,” என்று அவனே அரைக் கிலோவை ஒரு தட்டில் தூக்கி வைத்து, பொட்டலங்களை மறு தட்டில் அள்ளிப் போட்டான்.

அரைக் கிலோ இருந்த தட்டு மேசையில் டொக்கென்று உட்கார்ந்தது. பத்துப் பொட்டலமும் அந்தரத்தில் தொங்கின.

ஜோதிமேரி நூறு கிராம் கல்லை எடுத்துப் பொட்டலங்களோடு வைத்தாள். போதவில்லை. ஐம்பதையும் சேர்த்தாள். முள் நேராக நின்றது.

“அரைக் கிலோவுக்கு நூத்தம்பது கிராம் குறைவு,” என்றாள். “மொத்தமா வாங்குற இட்லிக் கிளப்புக் கடைக்காரருக்குக் கிலோ ஒரு ரூவா இருபது காசு. தெனம் பொட்டலம் வாங்குற வியாகுலத்தக்காவுக்கு அதே கிலோ ஒரு ரூவா எழுவது காசு. கையில காசு இல்லாதவுகதான் மாமா உங்களுக்கு அதிகமாக் குடுக்காக.”

“அணா போனது என் குத்தமா?” என்றார் மரியசெல்வம். அவர் குரல் இன்னும் உயரவில்லை. “ஓரணான்னா ஆறேகால் காசு. கால் காசுக்கு நாணயம் எங்க இருக்கு? ஆறு காசுதான் வாங்குறேன். காசு குறைஞ்சா சரக்கும் குறையும்.”

“கால் காசுக்கு ரெண்டு கிராம் குறைக்கலாம். பதினஞ்சு குறைச்சிருக்கீங்க.”

பெண்கள் பேசாமல் நின்றார்கள். அந்தப் பேசாமையை ஜோதிமேரி தப்பாகப் புரிந்துகொண்டாள். கணக்கு விளங்கிவிட்டது, இனி வெடிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

அடுத்த வீட்டு வியாகுலம்தான் வாயைத் திறந்தாள். “அதுக்குத்தான் கொசுறு குடுக்காரே.”

ஜோதிமேரி அவள் உள்ளங்கையிலிருந்த பொட்டுக்கடலையை வாங்கித் தட்டில் போட்டாள். முள் அசைந்ததா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

“ஏங்க்கா, பத்து வீடு ஆளுக்கு ஆறு காசு போட்டா அரைக் கிலோ வருது. நம்மளே பிரிச்சுக்கிருவோம். கரையில காரலும் சூடையும் பங்கு வைக்கத் தெரியுது, சீனியப் பங்கு வைக்கத் தெரியாதா?”

“மீனு கண்ணுக்குத் தெரியும்டி. என் கூறுல ஒண்ணு குறைஞ்சா மல்லுக்கு நிப்பேன். சீனியில நாலு மணி குறைஞ்சா எதை எண்ணிக் காட்டச் சொல்ல? தராசு யாரு பிடிப்பா?”

“நான் பிடிக்கேன்.”

“நீயா?” வியாகுலம் சிரித்தாள். “மருமகளா வரப்போறவ பிடிச்சா என்ன, மாமனாரு பிடிச்சா என்ன?”

கூட்டமும் சிரித்தது. ஜோதிமேரிக்குக் காது சுட்டது. இவர்களுக்காகத்தானே கேட்டோம் என்று ஆத்திரமாக வந்தது. ஏமாற்றினவரை விட்டுவிட்டுக் கணக்குச் சொன்னவளைப் பார்த்து இளிக்கிறார்களே.

மரியசெல்வம் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “கணக்கெல்லாம் சரி தாயி. இது யாரு மடிச்ச மடிப்புன்னு பாத்தியா?”

பார்த்தாள். வாயை இரண்டு தடவை உள்ளே செருகி, மேலே நூலைக் குறுக்காக விட்ட மடிப்பு. அவளுக்குத் தெரியாத மடிப்பா அது? நாலு வருஷமும் விடுதிக்கு யார் மதுரைப் பக்கம் வந்தாலும் அம்மா கொடுத்துவிடுகிற பொரிகடலை இதே மடிப்பில்தான் வரும். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு தின்றிருக்கிறாள்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். யாகப்பம்மாள் மூச்சிரைக்கக் கடை வாசலுக்கு வந்து நின்றாள். தராசைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

“அம்மா, பொட்டலம் மடிக்கிறது நீதானா?”

“நான்தான்.”

“குறையுதுன்னு தெரியுமா?”

யாகப்பம்மாள் கூட்டத்தைப் பார்க்காமல் சொன்னாள். “அள்ளிப்போட ஒரு சிப்பி குடுத்திருந்தாரு. காசு மாறினப்ப அதை வாங்கிக்கிட்டு, சின்னச் சிப்பியாக் குடுத்தாரு. அம்பது பொட்டலம் வந்த சரக்குல எழுவது வந்துச்சு. பொட்டலத்துக்குத்தானே கூலி.” கொஞ்சம் நிறுத்தி, “நீ காலேசுல சேந்த வருசம். வேற எங்கிட்டுப் போவேன்?” என்றாள்.

இப்போது வெடித்தது. ஜோதிமேரி எதிர்பார்த்த பக்கம் இல்லை. “அடிப் பாவி யாகப்பம்மா,” என்றாள் வியாகுலம். “என் புள்ளைக காப்பியில கை வச்சுத்தான் உன் மகளைப் பட்டம் வாங்க வச்சியா?” இன்னொருத்தி, “அந்தத் திமிருதான் தராசு கேக்குது,” என்றாள். மரியசெல்வத்தை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் கொசுறு டப்பாவைத் திறந்து வைத்தார்.

ஜோதிமேரிக்கு அம்மாவிடம் கோபப்பட வழியில்லை. தன்னிடம் படலாம். கேம்பிரிக் துணியில் தைத்த இரண்டு ரவிக்கை, விடுதிச் சாப்பாடு, பரீட்சைப் பணம் எல்லாம் இந்தத் தெருவின் காப்பித் தம்ளர்களிலிருந்துதான் போயிருக்கின்றன. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இன்றைக்கு இவர்களுக்கே கணக்குச் சொல்ல வந்திருக்கிறாள்.

பெஞ்சமின் கல்லாவைச் சுற்றி வந்து அவளருகே நின்றான். வேடிக்கையெல்லாம் போய்விட்டது. தணிந்த குரலில், நல்லது சொல்கிறவனைப் போலத்தான் பேசினான்.

“அய்யா உன்னையக் கேட்டதே இதுக்குத்தான். நகை வேணாம், ரொக்கம் வேணாம்னது எதுக்குன்னு நெனச்ச? இந்தக் கிலோவும் காசும் அவருக்குப் பிடிபடல. எடை பாக்க ஆபீசருக வேற வாராக. நாளைக்குக் கடைக்குள்ள உக்காந்து போடவேண்டிய கணக்க இன்னைக்கு வெளிய நின்னு போடாத. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ. ஊரு ரெண்டு நாள்ல மறந்துரும்.”

“சிப்பி?”

“எந்தச் சிப்பி?”

“பழைய பெரிய சிப்பியத் திருப்பிக் குடுப்பீங்களா?”

அவன் அப்பாவைப் பார்த்தான். மரியசெல்வம் ஒரு சின்னப் பெண்ணின் கையில் கடலை வைத்துக்கொண்டிருந்தார். “சிப்பி பெருசானா மடிப்புக் கூலி குறையும். உங்க அம்மாகிட்டயே கேளு, தாயி,” என்றார் நிமிராமல்.

ஜோதிமேரி அம்மாவைப் பார்த்தாள். யாகப்பம்மாளின் தலை வேண்டாம் என்று லேசாக அசைந்தது. நாளைய ஓலையைக் கெடுத்துவிடாதே என்கிறாளா, கூலியைக் கெடுத்துவிடாதே என்கிறாளா? இரண்டும் ஒன்றுதான்.

அவள் தட்டிலிருந்த பத்துப் பொட்டலத்தையும் எடுத்து வியாகுலத்தின் மீன்கூடைக்குள் போட்டாள். “இது வேணாம்னு சொல்லாதீங்கக்கா. உங்களுதுதான்.”

வியாகுலம் கூடையை இடுப்பின் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

அரைக் கிலோவை அம்மாவின் கையில் கொடுத்தாள். “இதை வீட்டுக்குக் கொண்டு போ. நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்.”

“பொழுது சாயப் போகுது, இப்ப என்னத்துக்குடி கோயிலு?”

“சாமியாரப் பாக்கணும். நாளைக்கு ஓலையில என் பேரு வேணாம்னு சொல்லணும்.”

“ஏண்டி,” என்றாள் யாகப்பம்மாள்.

பெஞ்சமின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மரியசெல்வம் கையமர்த்தினார். போகட்டும், திரும்பி வருவாள் என்கிற கையமர்த்தல் அது. படித்த பெண்ணுக்கு இந்தக் கரையில் போக்கிடம் எது என்று அவரும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார்.

ஜோதிமேரி படியிறங்கினாள். மணலில் கால் புதைந்தது. பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பத்தடி போவதற்குள் பின்னால் கூட்டம் மறுபடி கூடிக்கொண்டது கேட்டது.

“ஓரணாவுக்குச் சீனி குடுங்கண்ணே,” என்றது ஒரு குரல். “கடலையக் கொஞ்சம் பாத்து வைங்க.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் இருக்கிற பக்கமாக வேகமாக நடந்தாள்.